கரண்டியக்கா கேட்ட கேள்விகள்

டாக்டர் மிரட்டியும் சாப்பிடாதவர்கள், பெற்ற பிள்ளை கெஞ்சியும் வாயைத் திறக்காதவர்கள், தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்பவர்கள் எல்லாரும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாக வந்து சேரும் இடம் ஒன்றுதான். "கரண்டியக்காவைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள் நர்சுகள். சமையல்கூடத்திலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வருவாள். கையில் நீளக் காம்பு வைத்த சின்னக் கரண்டி ஒன்று இருக்கும். அதை அவள் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை, கழுவுவதற்குக்கூட.

அவள் யாரிடமும் "சாப்பிடுங்க" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வாள். கிண்ணத்தில் இருக்கும் சூப்பையோ மசித்த காயையோ மெதுவாகக் கிளறிக்கொண்டே ஏதாவது கேட்பாள். "உங்க மாமியார் உங்களை முதல் முதலா எதுக்குத் திட்டுனாங்க?" என்பாள். மாமியார் என்றதும் எந்த நோயாளிக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? பதில் சொல்ல வாய் திறக்கும், கரண்டி உள்ளே போய்விடும். விழுங்கினால்தான் மிச்சக் கதையைச் சொல்ல முடியும், அதனால் விழுங்குவார்கள். அவளும் காது கொடுத்துக் கேட்பாள். அடுத்த கேள்வி, அடுத்த கரண்டி. தன் வழக்குகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டே கிண்ணம் காலியானது தெரியாமல் படுத்திருந்த வக்கீல் ஒருவர், "எனக்கு எப்ப சாப்பாடு வரும்?" என்று நர்சிடம் சண்டை போட்ட கதை ஆஸ்பத்திரியில் இன்றும் உண்டு.

இந்த வித்தையை அவள் எந்தப் படிப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. தம்பியிடம் கற்றுக்கொண்டாள். அம்மா போனபோது இவள் பள்ளிக்கூடத்துப் பெண். தம்பி அப்போதுதான் பேசப் பழகியிருந்தான். சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வான். அழுதாள், அடித்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் அலுத்துப்போய், "டேய், அந்தக் கறுப்பு நாய் இன்னிக்கு உன்கிட்ட என்னடா சொல்லுச்சு?" என்று கேட்டாள். அவன் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொல்ல ஆரம்பித்தான். அன்றைக்குப் பிறகு அவனை வளர்ப்பதற்கு நாய்க்கும் காக்காய்க்கும் அவள் எவ்வளவோ பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. படிப்பை விட்டாள், ஆஸ்பத்திரி சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள், படிப்படியாகப் பத்தியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாளரானாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றாள். அவன் நிலைக்கு வந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது.

தம்பி சாவி செய்பவனானான். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடை. சுவர் நிறைய வெற்றுச் சாவிகள் தொங்கும். மெஷின் ஓடும்போது பித்தளைத் தூள் பறந்து அவன் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். ஊர்ப் பூட்டையெல்லாம் திறப்பான். தன் வீட்டுச் சாவியை மட்டும் உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்கு போன் செய்வான். "உன்னை மாதிரி ஒரு சாவிக்காரனைக் கூப்பிடு" என்று இவள் சிரிப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் ஒருவன் சோப்புக்கட்டியில் பதித்த சாவி அச்சோடு அந்தக் கடைக்கு வந்தான். அவன் வேலை பார்த்த வீட்டுப் பீரோவின் சாவி. தம்பி செய்ய மாட்டேன் என்றான். அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பான். "அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுவேன்" என்றும் சொல்லிவிட்டான். வந்தவன் மேஜைமேல் இருந்த சுத்தியலை எடுத்து அடித்தான். பிறகு ஷட்டரை இறக்கி, தம்பியின் பூட்டாலேயே பூட்டிவிட்டுப் போனான். காலையில் போலீஸ் பூட்டை உடைத்தபோது உடம்பில் சூடு இருந்தது. அடித்த அடியில் அவன் சாகவில்லை, விடிய விடியக் கிடந்து செத்தான் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார். பூட்டிவிட்டுப் போனதைத்தான் நீதிபதியால் பொறுக்க முடியவில்லை. தூக்கு என்றார். மேல் கோர்ட்டும் அதையே சொன்னது.

கரண்டியக்காவுக்கு அவன் சாக வேண்டும். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அவன் சாக வேண்டும், பஸ்ஸில் நிற்கும்போது அவன் சாக வேண்டும், வெங்காயம் நறுக்கும்போது அவன் சாக வேண்டும். நெஞ்சுக்குள் எரிகிற அந்த அடுப்பை அணைக்க அவள் யாரையும் அண்டவிடவில்லை. அந்தச் சூட்டில்தான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

அணைக்க வந்தவர் பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர். நல்ல மனிதர், எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கருணை மனு போடுகிறார்கள், செத்தவனின் அக்காவும் சம்மதித்தால் அதற்குத் தனி பலம் என்று சொல்லத்தான் அவள் வீட்டுக்கு வந்தார்.

"உயிரைக் கொடுத்தவர் கடவுள். எடுக்கிற உரிமையும் அவருக்குத்தாம்மா" என்றார்.

"ரொம்ப சரி. இதை அவன் கையில சுத்தியல் இருந்தப்போ சொல்லியிருக்கணும்" என்றாள்.

"அவன் செஞ்சது மகா பாவம். அதே பாவத்தை நாம எல்லாரும் சேர்ந்து ஏன் செய்யணும்?"

"அதேவா? அவனுக்கு வக்கீல் இருக்காரு, டாக்டர் இருக்காரு, வேண்டிக்க நீங்க இருக்கீங்க. என் தம்பிக்கு உள்ள யாரு இருந்தா? இதைப் போய் அதேன்னு சொல்றீங்களே, நாக்கு கூசலையா?"

பெரியவர் எல்லாரும் கடைசியில் கேட்பதைக் கேட்டார். "அவனைத் தூக்குல போட்டா உன் தம்பி திரும்பி வந்துடுவானா?"

"மாட்டான். அவனை உயிரோட வச்சா மட்டும் வந்துடுவானா?"

அவர் எழுந்து போகும்போது, "உனக்காகவும் வேண்டிக்கிறேன்" என்றார். "வேண்டிக்கிட்டா சீக்கிரம் நடக்கட்டும்னு வேண்டிக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரியின் கைதிகள் வார்டில் காவல் இருந்த மீசைக்காரர் நேர் எதிர்க்கட்சி. அவர் பெரியவர் வைத்திருக்கும் அதே வேதப் புத்தகத்தைத்தான் சட்டைப்பையில் வைத்திருந்தார். "பழிக்குப் பழின்னு இதுலயே இருக்குக்கா. நான் பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கேன்" என்பார். அவர் கோடு போட்ட பக்கத்தைப் பெரியவர் புரட்டுவதில்லை, பெரியவர் புரட்டும் பக்கத்தில் இவர் கோடு போடுவதில்லை. கரண்டியக்காவுக்கு மீசைக்காரரைத்தான் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் சொல்லும்போது ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் இருந்ததில் உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது.

அந்த மீசைக்காரர்தான் ஒருநாள் சமையல்கூடத்து வாசலில் வந்து நின்றார். "அக்கா, அவனை இங்கே கொண்டுவந்துட்டாங்க" என்றார்.

தீர்ப்பு உறுதியான பிறகு அவனுக்கு ஒன்றும் இறங்கவில்லையாம். பயமா, நடிப்பா, நோயா என்று ஜெயில் டாக்டருக்குத் தெரியவில்லை. குழாய் வைத்தால் பிடுங்கிப் போடுகிறான். எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான்.

"சாகட்டும்" என்றாள்.

"அப்படிச் செத்தா நோயில செத்தவன்தானேக்கா? அதுவும் சீக்கிரம் சாக மாட்டான், இழுத்துக்கிட்டே கிடப்பான். சீக்காளியைத் தூக்குல போட மாட்டாங்க. உடம்பு தேறிடுச்சுன்னு டாக்டர் சொன்னாத்தான் தேதி குறிப்பாங்க."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. தன் தம்பியைக் கொன்றவன் கட்டிலில், வெள்ளை விரிப்பில், தூங்குகிறமாதிரி போய்ச் சேரப் போகிறான். ஊரே பார்த்துச் சொன்ன தீர்ப்பு அவனைத் தொடாமலே போகப் போகிறது. கத்தியை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

வார்டு மேற்பார்வை நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்னால முடியுமா? அவன் யாருன்னு தெரியும்தானே?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

நர்சுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை மன்னிப்பு என்று முதலில் தப்பாகப் புரிந்துகொண்டது அவர்தான். மீசைக்காரருக்கு வேறு சந்தேகம். விஷம் கிஷம் இருந்துவிட்டால் தன் வேலை போய்விடுமே என்று முதல் கரண்டியைத் தானே வாங்கிச் சுவைத்தார். நன்றாக இருந்ததால் இன்னொரு கரண்டியும் கேட்டார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிலில் ஒரு கை விலங்கோடு கிடந்தவன் கண்ணைத் திறந்தான். கோர்ட்டில் பார்த்த முகம், யார் என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கிண்ணத்தைக் கிளறினாள்.

"நீ வந்தப்போ கடையில விளக்கு போட்டிருந்தானா?" என்று கேட்டாள்.

கிண்ணம் பாதி ஆறிய பிறகு அவன் திரும்பினான். "போட்டிருந்தாரு" என்று வாய் திறந்தது. கரண்டி உள்ளே போனது.

இப்படித்தான் அவன் சாப்பிட ஆரம்பித்தான். தம்பி என்ன சட்டை போட்டிருந்தான், சோப்பைப் பார்த்ததும் முகம் எப்படி மாறியது, கோபமாகப் பேசினானா, சிரித்துக்கொண்டே பேசினானா, மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா, அதை யார் நிறுத்தினார்கள் என்று ஒவ்வொரு வேளையும் கேட்டாள். கோர்ட்டில் யாரும் கேட்காததையெல்லாம் கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கரண்டி. கேட்கக் கேட்க அவளுக்குள் ஏதோ கிழிந்தது, ஆனாலும் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ஒருநாள் அவளை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டான். ஆஸ்பத்திரியே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது என்றாலும் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டதும் கரண்டியை அவன் பல்லில் இடித்தாள். "இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டே, நாக்கைப் பிடுங்கிடுவேன்" என்றாள்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு வயதான பெண் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனைப் பெற்றவள். துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனவள், எல்லாருக்கும் அவள் பொத்தான்காரம்மா. முதல்நாள் கிண்ணத்தோடு வெளியே வந்த கரண்டியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊட்டாதீங்கம்மா. நீங்க எதுக்கு ஊட்டுறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்று கையை உதறிக்கொண்டு போனாள் இவள்.

அந்த வாரம் இருவரும் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரே பெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். கூட்டமாக இருந்தது, நகர இடமில்லை. கண்ணை மூடி வேண்டிவிட்டுத் திறந்ததும் பொத்தான்காரம்மா மெதுவாகக் கேட்டாள். "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"உங்க மகன் நல்லா தேறி எழுந்து நிக்கணும்னு."

"நான் அவன் தேறவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். சாகவும் கூடாது, தேறவும் கூடாது, அப்படியே கிடக்கணும்னு."

பெற்றவள் பிள்ளைக்கு நோய் வேண்டுகிறாள், பழிவாங்க வந்தவள் அவனுக்கு ஆரோக்கியம் வேண்டுகிறாள். அன்றைக்குக் கடவுள் பாடு பெரும் திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும். மேடையில் பெரியவர் பகைவனுக்காகப் பிரார்த்திப்பது எவ்வளவு உயர்ந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்.

அவன் எழுந்து நடக்க ஆரம்பித்தான். மறுநாள் டாக்டர்கள் குழு வந்து பார்க்கப்போகிறது என்று மீசைக்காரர் சொன்னார். அன்று மத்தியானம் அவள் கடைசிக் கிண்ணத்தோடு போனாள். இத்தனை நாளும் ஒரு கேள்வியை அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். நர்ஸ் நின்றிருந்தார், மீசைக்காரர் நின்றிருந்தார், கதவருகே பொத்தான்காரம்மா. யார் இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டாள்.

"பூட்டின பிறகு, உள்ளேயிருந்து ஏதாவது சொன்னானா?"

அவன் வாய் திறந்தது. அவள் கரண்டியை நீட்டவில்லை. காத்திருந்தாள்.

"தண்ணி கேட்டாரு" என்றான். "ரெண்டு மூணு தடவை கேட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. நான் போயிட்டேன்."

கடைசிக் கரண்டியை அவன் வாயில் வைத்தாள். அவன் விழுங்கினான், புரை ஏறி இருமினான். ஊட்டி முடித்ததும் வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் ஊறிப்போன பழக்கம். தொண்டையில் துணுக்கு நின்றால் நுரையீரலுக்குப் போய்விடும் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மனதில் பதிந்த பாடம். அவள் கை தானாகப் போய் டம்ளரை எடுத்தது. தானாக அவன் பிடரியைத் தாங்கியது. அவன் தண்ணீர் முழுவதையும் குடித்தான். டம்ளர் காலியான பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. கை கழுவும் இடத்துக்குப் போய், சோப்புப் போட்டு, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

டாக்டர்கள் அவன் நன்றாகத் தேறிவிட்டான் என்று எழுதினார்கள். ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவள் தேதிக்காகக் காத்திருந்தாள். தேதி வரவில்லை, மீசைக்காரர்தான் வந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது.

"குறைச்சுட்டாங்கக்கா. ஆயுள் முழுக்க ஜெயிலாம்."

கருணை மனுவில் வக்கீல் கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தார். தாகத்தில் தண்ணீர் கேட்டவனுக்குக் கொடுக்காமல் போன இந்தப் பாவிக்கு, அதைத் தன் காதாலேயே கேட்ட பிறகும், செத்தவனின் அக்கா தன் கையால் தண்ணீர் கொடுத்தார். அவரே மன்னித்துவிட்ட பிறகு அரசாங்கம் மன்னிக்கக் கூடாதா? நர்ஸ் கண்ணீரோடு சாட்சி சொன்னார். மீசைக்காரரிடம் கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த வாரமே பிரார்த்தனைக் கூடத்தில் பெரியவர் அவளைப் பற்றிப் பேசினார். பெயரைச் சொல்லாமல் பேசினார், ஆனால் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் விருட்டென்று எழுந்து நின்றாள்.

"நான் மன்னிக்கலை. அவன் தூக்குல தொங்கணும், அதுக்குத் தெம்பு வரணும்னுதான் ஊட்டினேன். அந்தத் தண்ணி என் கைப்பழக்கம். எனக்கு அவன் சாகணும். கேட்டுச்சா எல்லாருக்கும்?"

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன ஒரு தன்னடக்கம் பாருங்க" என்றாள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் ஏற்கெனவே மன்னித்தவள் என்று ஒருத்தியைச் செய்து வைத்துவிட்டார்கள், இவள் சொல்லி அவளை மாற்ற முடியவில்லை.

வாசலில் பொத்தான்காரம்மா நின்றிருந்தாள். "அவங்க யாரும் நம்ப மாட்டாங்க. நான் நம்புறேன்" என்றாள். "ஒவ்வொரு கரண்டியையும் நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீங்க கயித்துக்குத்தான் ஊட்டினீங்க. நான்தான் வக்கீல்கிட்ட போய் அதை மன்னிப்புன்னு சொல்லச் சொன்னேன்."

கரண்டியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த உலகத்தில் தன்னை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவள்தான், தன்னை மண்ணைக் கவ்வவைத்ததும் இவள்தான். "நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அதன்பிறகு கூடத்துப் பக்கமே போகவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவனை மறுபடி அதே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுபடி ஒன்றும் இறங்கவில்லை. இந்தமுறை நடிப்பு என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நடித்துத் தப்பிக்க இப்போது கயிறு இல்லை. குழாயைப் பிடுங்கிவிடுகிறான், ஊசியில் எத்தனை நாள் ஓடும் என்று டாக்டர் கையை விரித்தார். பெரியவரும் பொத்தான்காரம்மாவும் சமையல்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். காலை நேரம், பெரிய பாத்திரங்களில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்ச கைம்மா உன் கை. நீ வந்தாத்தான் வாயைத் திறப்பான்" என்றார் பெரியவர்.

"உயிரை எடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொன்னது நீங்கதானே?" என்றாள். "நான் எடுக்கலையே. பாருங்க, வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன்."

பெரியவர் புரட்டும் பக்கங்களில் இதற்குப் பதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பொத்தான்காரம்மா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்களை ஏமாத்தினதுக்கு என்னை என்ன வேணா செய்ங்க. நாங்க ஊட்டினா பல்லைக் கடிச்சுக்கிறான். 'அந்தம்மா வந்து கேட்கட்டும், சொல்றேன், சாப்பிடுறேன்'னு முனகுறான். ஒரு வேளை வாங்கம்மா. ஏதாவது கேளுங்க. எதையாவது, ஒண்ணே ஒண்ணு கேளுங்க."

கரண்டியக்கா குனிந்து அவள் கைகளைத் தன் காலிலிருந்து எடுத்துவிட்டாள். பிடித்துத் தூக்கி நிறுத்தவும் செய்தாள்.

"அவன்கிட்ட கேட்க எனக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றாள். "கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சுட்டேன்."

பெண்கள் வார்டில் யாரோ சாப்பிட மாட்டேன் என்கிறார்களாம், நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.